வாசகர் கேள்வி: முகமில்லாத எதிரி

கே: ஹாலிவுட் போர்ப் படங்களில் எதிரிக்கும், கூட நிற்கிற அந்நியப் படையினருக்கும் ஏன் முகமே இருப்பதில்லை? (மதுரை வாசகர்)

ப: 'பிளாக் ஹாக் டவுன்' (2001) பார்த்திருப்பீர்கள். 1993-இல் சோமாலியத் தலைநகர் மொகதிசுவில் நடந்த சண்டையில் சிக்கிய அமெரிக்க வீரர்களுக்கு அதில் பெயர், குடும்பம், கேலிப் பேச்சு எல்லாம் உண்டு, ஆனால் நூற்றுக்கணக்கில் செத்த சோமாலியர்கள், ஓரிருவரைத் தவிர, கும்பலாக ஓடி வந்து விழுவதோடு சரி. மீட்கப் போன அணியில் மலேசியக் கவச வண்டிகளும் பாகிஸ்தான் டாங்கிகளும் இருந்தன, ஒரு மலேசிய வீரர் உயிரையே விட்டார். படத்தில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்புறம் மலேசியர்களே 2023-இல் தங்கள் பங்கைத் தனிப் படமாக எடுத்துவிட்டார்கள்!

அதே ஆண்டு வந்த 'தி கவனன்ட்' படத்தில் ஆப்கன் மொழிபெயர்ப்பாளர் கிட்டத்தட்ட கதாநாயகன். முன்னேற்றம்தான். தாலிபான்காரர்கள் மட்டும் இன்னும் பழையபடி வந்து வந்து விழுகிறார்கள்.