குன்னூர் பியானோவா, ஜப்பான் பியானோவா?

வணக்கம்.

என் மகளுக்குப் பதினோரு வயது. 61 கட்டை கீபோர்டில் மூன்றாம் கிரேடு வரை வந்துவிட்டாள். இனிமேல் பியானோ இல்லாமல் முடியாது என்கிறார் டீச்சர். உறவினர் ஒருவர் குன்னூர் வீட்டைக் காலி செய்கிறார். அங்கிருக்கும் பழைய இங்கிலாந்து பியானோவை லாரிக் கூலி மட்டும் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். மேல் மூடியைத் திறந்து படமும் அனுப்பினார். கம்பி சுற்றிய முளைகள் நேராக மரத்தில் இறங்கியிருக்கின்றன. சுத்தியல்களுக்கு முன்னால் மெல்லிய கம்பிகள் கூண்டு போல வரிசையாக நிற்கின்றன. இன்னொரு பக்கம், ஒரு கடையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய யமஹா யு1 காட்டினார்கள். பளபளவென்று இருக்கிறது, விலை எங்கள் கையிருப்பைத் தொடுகிறது. வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம், இரண்டாவது மாடி. எதை வாங்கலாம்? டிஜிட்டலே போதுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குன்னூர் பியானோவை எடுக்காதீர்கள். சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான், ஆனால் நீங்கள் விவரித்த இரண்டு விஷயமும் எனக்குக் கவலை தருகின்றன.

ஒரு பியானோவில் சுமார் 230 கம்பிகள் இருக்கும். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை 15 முதல் 20 டன் வரை போகும். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம். பழைய இங்கிலாந்து பியானோக்கள் பலவற்றில் இந்தச் சட்டம் மேலே வரை போகாது. முளைகள் இருக்கும் பகுதி வெறும் மரமாக நிற்கும். அந்த மரத்தில் விரிசல் விட்டால் முளை பிடிக்காது. இன்று ட்யூன் செய்தால் அடுத்த வாரம் இறங்கிவிடும். நீங்கள் கூண்டு என்று சொன்னது டேம்பர் கம்பிகள், அதாவது ஒலியை அடக்கும் ஃபெல்ட்டை (தடித்த கம்பளித் துணியை) இயக்குபவை. அந்த அமைப்பில் இந்த ஃபெல்ட் சுத்தியலுக்கு மேலே, கம்பியின் நுனிப் பக்கம் உட்காரும். அதனால் விரலை எடுத்த பிறகும் ஸ்வரம் மிச்சமாக ஓடிக்கொண்டிருக்கும். விரலை எடுத்ததும் ஒலி நிற்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிற வயதில் உங்கள் மகள் இருக்கிறாள். அவள் காதை இந்தப் பியானோ கெடுத்துவிடும்.

யு1 நல்ல யோசனை. போருக்குப் பிந்தைய சில பத்தாண்டுகளில் ஜப்பானில் வீட்டுக்கு வீடு பியானோ வாங்கினார்கள். பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு பல பியானோக்கள் மூடியபடியே நின்றன. பழைய ஜப்பான் பியானோ உலகமெங்கும் இவ்வளவு கிடைப்பதற்கு அது முக்கியக் காரணம். யு1 உயரம் 121 செ.மீ., அதன் அண்ணன் யு3 131 செ.மீ. உயரம் கூடினால் கம்பி நீளும், தாழ்ந்த ஸ்வரங்களின் ஒலி நிறையும். கவாய் என்ற இன்னொரு ஜப்பான் நிறுவனத்தின் பியானோவையும் தேடிப் பாருங்கள். 1970-களிலிருந்து அவர்கள் உள் இயந்திரத்தின் பல பாகங்களை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். ஈரத்தில் மரம் போல உப்பாது. கடலோர வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் பளபளப்பை நம்பாதீர்கள். பாலிஷ் யாரும் போடலாம். வரிசை எண் உள்ளே இரும்புச் சட்டத்தில் இருக்கும். அதை வைத்து எந்த ஆண்டு செய்தது என்று யமஹாவின் பட்டியலில் பார்த்துவிடலாம். டார்ச் எடுத்துப் போங்கள். கம்பியிலும் முளையிலும் துரு இருக்கிறதா, சுத்தியல் ஃபெல்ட்டில் கம்பி பதிந்த பள்ளம் ஆழமா, கீழ்ப் பலகையைக் கழற்றினால் எலிக்கூடோ கரையான் மண்ணோ தெரிகிறதா என்று பாருங்கள். 88 கட்டையையும் ஒவ்வொன்றாக, முடிந்தவரை மெதுவாக அழுத்துங்கள். வேகமாக வாசிக்கும்போது மறைகிற குறை மெதுவாக அழுத்தும்போது தெரிந்துவிடும். போனில் ட்யூனர் செயலி போட்டு நடு ஏ-யைப் பாருங்கள். 440 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. நன்றாக இறங்கியிருந்தால் ரொம்ப நாள் யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். மேலே ஏற்றும்போது துருப்பிடித்த கம்பி அறுந்தும் போகலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் பணம் கொடுக்காதீர்கள். முதலில் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனர் ஒருவரைப் பிடியுங்கள். கடைக்காரர் அனுப்புகிறவர் அல்ல, நீங்கள் காசு கொடுத்துக் கூட்டிப் போகிறவர். முளை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைச் சாவி போட்டுத் திருப்பிப் பார்த்துச் சொல்ல அவரால்தான் முடியும். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவரும் அவர்தான். சென்னையில் நல்ல ட்யூனர்கள் குறைவு. பெரிய தேவாலயங்களில், இசைப் பள்ளிகளில், 1842-இலிருந்து வரும் மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் விசாரியுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை வர ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பியானோ வாங்க வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

டிஜிட்டல் பற்றிக் கேட்டீர்கள். கனமான 88 கட்டையுள்ள நல்ல டிஜிட்டல், ட்யூன் நிற்காத பியானோவை விட எவ்வளவோ மேல். ட்யூனர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் தயங்காமல் அதை வாங்கி இரண்டு வருஷம் ஓட்டுங்கள். ஆனால் நல்ல பியானோ கிடைத்தால் விடாதீர்கள். விரலின் அழுத்தம் கொஞ்சம் மாறினாலும் மரப்பலகை அதிர்வது மாறும், ஒலியின் நிறமே மாறும். அந்த வித்தியாசத்தைக் குழந்தை தானாகத் தேட ஆரம்பிப்பாள். அதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

அப்புறம் வீடு. யு1 220 கிலோவுக்கு மேல் இருக்கும், அகலம் ஒன்றரை மீட்டர். லிஃப்டையும் படி திரும்பும் இடத்தையும் அளந்துவிடுங்கள். பியானோ தூக்கிப் பழகிய ஆட்களையே கூப்பிடுங்கள். கடல் பக்கத்து ஜன்னல், மழையில் ஊறும் வெளிச்சுவர், ஏசி காற்று நேராக அடிக்கும் இடம் மூன்றும் வேண்டாம். ஈரம் ஏறினால் உள்ளே அதிர்ந்து ஒலி தரும் மரப்பலகை (சவுண்ட் போர்டு) உப்பிச் சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். இரவெல்லாம் ஏசி, பகலெல்லாம் உப்புக் காற்று என்று மாறி மாறி வருவதுதான் அதிகம் கெடுக்கும். ஈரத்தைப் பார்த்துத் தானே அணைந்து எரியும் ஹீட்டர் ராடை உள்ளே பொருத்த முடியுமா என்று ட்யூனரிடம் கேளுங்கள். வந்து இறங்கியதும் ட்யூன் செய்ய வேண்டாம், இரண்டு மூன்று வாரம் வீட்டின் காற்றுக்குப் பழகட்டும்.

கீழ்வீட்டுக்காரர்களைப் பற்றிக் கவலை இருந்தால், யு1 போன்றவற்றில் நடு பெடலை அழுத்தி ஓரமாகத் தள்ளினால் கம்பிகளுக்கு முன்னால் ஒரு ஃபெல்ட் இறங்கி ஒலி வெகுவாகக் குறையும். ராத்திரி சாதகத்துக்கு அது போதும். பகலில் மட்டும் திறந்தே வாசிக்க விடுங்கள்.