நாலு ஓடிடிக்குச் சந்தா கட்டியும் தேடும் படம் கிடைக்காதபோது, அதை டாரன்டில் இறக்கிப் பார்ப்பது தவறா?

சட்டப்படி தவறு என்பது உங்களுக்கே தெரியும். அதைக் கேட்பதற்காக இந்தக் கேள்வியைப் போட்டிருக்க மாட்டீர்கள். நியாயப்படி தவறா என்று கேட்டால், பெரும்பாலும் தவறுதான் என்பேன். சில இடங்களில் மட்டும் இல்லை. அந்த இடங்களுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த எரிச்சல் எனக்கும் உண்டு.

ரிமோட்டை வைத்துக்கொண்டு ஒரு படத்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி நகர்த்தி அடிக்கிறோம். அந்தத் தளத்தில் படம் இல்லை. "இல்லை" என்று ஒரு வரி காட்டினால் அடுத்த ஆப்புக்குப் போய்விடலாம். காட்டாது. அதே நடிகர் நடித்த வேறு படம், பெயரில் பாதி ஒத்துப்போகும் ஒரு தொடர், எதற்கென்றே தெரியாத ஒரு கார்ட்டூன் என்று இருபது போஸ்டரை விரித்து வைக்கும். கீழே வரை போய்ப் பார்த்த பிறகுதான் அங்கே அது இல்லை என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். அடுத்த ஆப்பில் மறுபடியும் அதே எழுத்துகள். ஒருவழியாகக் கண்டுபிடித்தால், முதல் இரண்டு சீசன் இங்கே, மூன்றாவது வேறெங்கோ. காசு கட்டியவனை இப்படி அலைய விடுவதும், டாரன்ட் தளத்தில் ஒரே தேடலில் எல்லாம் வந்து நிற்பதும் பைரசிக்கு இவர்களே செய்துகொடுக்கும் விளம்பரம். வீடியோ கேம் நிறுவனமான வால்வின் தலைவர் கேப் நியூவெல் 2011 வாக்கிலேயே இதைத்தான் சொன்னார்: பைரசி பெரும்பாலும் விலைப் பிரச்சினை இல்லை, சேவைப் பிரச்சினை என்று. ஏன் நடக்கிறது என்பதற்கு அது நல்ல விளக்கம். ஆனால் செய்யலாமா என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இப்படிச் சிதறியது எப்படி என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். நெட்ஃபிளிக்ஸ் 2007இல் ஸ்ட்ரீமிங்கைத் தொடங்கியபோது ஸ்டூடியோக்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிவிடி விற்பனைக்கும் டிவி உரிமத்துக்கும் மேலே வரும் உதிரிக் காசு என்று நினைத்துப் படங்களைக் கொடுத்தார்கள். 2008இல் ஸ்டார்ஸ் என்ற அமெரிக்கக் கேபிள் சேனலோடு போட்ட ஒப்பந்தத்தில் டிஸ்னி, சோனி படங்களெல்லாம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தன. 2012இல் அது முடிந்தது, ஸ்டார்ஸ் புதுப்பிக்கவில்லை. அதற்குள் இதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நெட்ஃபிளிக்ஸ் சொந்தத் தயாரிப்பில் இறங்கியது. ஸ்டூடியோக்கள் ஆளுக்கொரு கடை திறந்தன: 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ், 2020இல் எச்பிஓ மேக்ஸும் பீகாக்கும், 2021இல் பாரமவுன்ட் பிளஸ். கொடுத்திருந்த சரக்கையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஃப்ரெண்ட்ஸ் தொடர் எச்பிஓ மேக்ஸுக்குப் போனது, தி ஆபிஸ் தொடர் பீகாக்குக்குப் போனது. கொஞ்ச காலம் எல்லாம் ஒரே இடத்தில் மலிவாகக் கிடைத்ததே, அது யாரோ விலையைத் தப்பாகப் போட்டதால் வந்த யோகம். அதை நம் உரிமை என்று நினைத்துக்கொண்டோம்.

இசையில் ஏன் இப்படி ஆகவில்லை என்று பலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஸ்பாட்டிஃபையில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் ஆப்பிள் மியூசிக்கிலும் இருக்கிறது, யூடியூப் மியூசிக்கிலும் இருக்கிறது. பெரிய இசை நிறுவனங்கள் கடை நடத்துவதைவிட எல்லாக் கடைக்கும் சரக்குக் கொடுப்பதே லாபம் என்று முடிவு செய்தன. பாட்டுகளை இணையத்தில் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள 1999இல் வந்த நாப்ஸ்டர் கொடுத்த அடி அதற்கு ஒரு காரணம். ஆனால் இசைக்கு அதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துளையிட்ட காகிதச் சுருளைப் போட்டால் தானாக வாசிக்கும் பியானோ அமெரிக்காவில் அமர்க்களமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சுருள் பாடலின் பிரதியே இல்லை, அதற்கு இசையமைப்பாளருக்குக் காசு தரவேண்டியதில்லை என்று 1908இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றைய பாஷையில் சொன்னால், பைரசிக்கு அனுமதி. அதைச் சரிசெய்ய 1909இல் சட்டம் வந்தது. அப்போது நாடாளுமன்றத்துக்கு இன்னொரு பயம்: எல்லாப் பாட்டையும் ஏயோலியன் என்ற ஒரே சுருள் கம்பெனி வாங்கிப் பூட்டி வைத்துவிட்டால்? அதனால் சட்டத்தை இப்படி எழுதினார்கள்: ஒரு பாட்டைப் பதிவு செய்ய ஒருவருக்கு அனுமதி கொடுத்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் சட்டம் குறித்த தொகையைக் கட்டிவிட்டு அதே பாட்டைத் தாங்களும் பதிவு செய்யலாம். அமெரிக்காவில் இன்று பழைய பாட்டை வேறொரு பாடகர் கேட்டுக் கெஞ்சாமல் பாடி வெளியிட முடிவது அதனால்தான். (இது இயற்றிய பாடலுக்குத்தான். ஒருவர் செய்த ஒலிப்பதிவை அப்படியே எடுத்துக்கொள்ள இதில் இடமில்லை.)

சினிமாவிலும் ஒரு தடவை இப்படித் தலையிட்டிருக்கிறார்கள். படம் எடுக்கும் ஸ்டூடியோவே தியேட்டரையும் வைத்திருந்தால் போட்டி இருக்காது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுன்ட் வழக்கில் தீர்ப்பளித்தது, பெரிய ஸ்டூடியோக்கள் தியேட்டர்களை விற்க வேண்டியதாயிற்று. அந்தக் கட்டுப்பாடுகளை 2020 ஆகஸ்டில் நீதிமன்றமே முடித்துவைத்தது. ஸ்டூடியோக்கள் வீட்டுக்குள்ளேயே தியேட்டர் திறந்துகொண்டிருந்த அதே சமயத்தில்!

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், படைப்பாளிக்குக் காசு போய்ச் சேரவேண்டும் என்பது ஒன்று, என் படம் என் கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்பது வேறொன்று. முன்னது நியாயம். பின்னது வெறும் வியாபாரம், சட்டம் நினைத்தால் உடைக்கக் கூடியது, உடைத்தும் இருக்கிறது. உங்கள் சண்டை பின்னதோடு. டாரன்ட் அடிப்பது முன்னதை.

"ஏற்கெனவே மூன்று தளத்துக்குக் கட்டுகிறேனே" என்று நண்பர்கள் சொல்வார்கள். கட்டுகிறீர்கள், சரி. அந்தக் காசு நான்காவது தளத்தில் இருக்கும் படத்தை எடுத்தவருக்குப் போகவில்லையே. "நான் இறக்கியதால் அவரிடம் இருந்தது ஒன்றும் குறையவில்லை" என்பது இன்னொன்று. காலி இருக்கைதானே என்று டிக்கெட் இல்லாமல் ரயிலில் போகிறவரும் இதையே சொல்லலாம். ஒருவர் மட்டும் போனால் ரயில் நிற்காது, உண்மைதான்.

இவற்றைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. எழுதியவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் ஓடிடிக்காரர்கள் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டார்கள், நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அவர்களுக்கு ஒரு காசு கூடுதலாக வரப்போவதில்லை என்பது. கொஞ்ச காலம் இது ஏறக்குறைய உண்மையாகத்தான் இருந்தது. 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். டிவியில் மறுஒளிபரப்பு ஆகும்போதெல்லாம் வந்துகொண்டிருந்த பணம் ஸ்ட்ரீமிங்கில் தேய்ந்துபோயிருந்தது. அந்தப் போராட்டத்தில் அவர்கள் வாங்கியவற்றுள் ஒன்று இது: ஸ்ட்ரீமிங்குக்காகவே எடுத்த பெரிய பட்ஜெட் படைப்பு ஒன்று, அந்தத் தளத்தின் அமெரிக்கச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்கு நிகரான பார்வையை முதல் 90 நாளில் எட்டினால், எழுத்தாளருக்குக் கூடுதல் தொகை. ஆக, யார் எவ்வளவு பார்த்தார்கள் என்பது இப்போது நேரடியாகச் சம்பளக் கணக்கில் வருகிறது. போனஸை விடுங்கள், அடுத்த சீசன் உண்டா என்பதையே அந்த எண்ணிக்கைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. டாரன்டில் பார்த்தவர் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. பிடித்த தொடரை நிறுத்திவிட்டார்களே என்று பிறகு திட்டுபவர்களில் எத்தனை பேர் அதைத் தளத்தில் பார்த்தவர்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

"இது என் எதிர்ப்பு" என்பதை நான் ஏற்பதே இல்லை. எதிர்ப்பென்றால் எதிராளிக்குத் தெரிய வேண்டும். சந்தாவை ரத்து செய்வது எதிர்ப்பு. அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணுகிறார். ரத்தும் செய்யாமல், இன்னொரு பக்கம் இறக்கிக்கொண்டும் இருந்தால் அது வசதி, அவ்வளவுதான்.

பைரசித் தளங்களை நடத்துகிறவர்களை ராபின்ஹுட் ரேஞ்சுக்குப் பேசுவதையும் விட்டுவிடலாம். 2012 ஜனவரியில் அமெரிக்கா முடக்கிய மெகாஅப்லோடு என்ற ஃபைல் பகிரும் தளம், விளம்பரத்திலும் சந்தாவிலும் 17.5 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்ததாகக் குற்றப்பத்திரிகை சொன்னது. அங்கேயும் சந்தா! இன்று அந்த இடத்தில் சூதாட்ட விளம்பரமும், பிளே பட்டன் மாதிரியே இருக்கும் வைரஸ் பட்டன்களும்.

இனி, தவறில்லை என்று நான் நினைக்கும் இடங்கள்.

காசு கொடுக்கத் தயாராக இருந்தும் விற்பவரே இல்லாத படம். 2023 மே மாதம் க்ரேட்டர் என்ற படம் டிஸ்னி பிளஸில் நேரடியாக வந்தது, ஏழு வாரத்தில் அதைத் தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். வில்லோ என்ற தொடரும் அதே மே மாதம் போனது, கடைசி எபிசோட் வந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில். செலவைக் குறைக்கும் நடவடிக்கை. (க்ரேட்டர் சில மாதம் கழித்து டிஜிட்டலில் விற்பனைக்கு வந்தது, அது வேறு விஷயம்.) தியேட்டரும் இல்லை, டிஸ்க்கும் இல்லை, தளத்திலும் இல்லை என்றால் அந்தப் படம் எங்கே இருக்கிறது? எங்கோ ஒரு சர்வரில் பூட்டி, அப்புறம் யாராவது ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கில். வரலாறும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1922இல் ஜெர்மனியில் எடுத்த நோஸ்ஃபெராடு படத்தை டிராகுலா நாவலின் உரிமை வாங்காமல் எடுத்ததற்காக எல்லாப் பிரதியையும் அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவுக்குத் தப்பிய பிரதிகளால்தான் இன்று நாம் அதைப் பார்க்கிறோம். பிபிசி தன் டாக்டர் ஹூ என்ற டிவி தொடரின் பழைய டேப்புகள் பலவற்றை அழித்துவிட்டது. படம் தொலைந்த எபிசோடுகளுக்கும் ஒலி மட்டுமாவது மிஞ்சியிருப்பது, டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து வீட்டில் பதிவு செய்த ரசிகர்களால். யாரையும் கேட்டுக்கொண்டு அவர்கள் பதிவு செய்யவில்லை. இப்படிப்பட்ட படத்தை ஒருவர் இறக்கிப் பார்த்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். விற்பனைக்கு வந்த அன்று வாங்கிவிட வேண்டும், அவ்வளவே.

உங்கள் நாட்டில் அந்தப் படத்தை விற்கவே இல்லை என்பதும் இதே கணக்குத்தான். இன்னும் இரண்டு வாரத்தில் வரப்போகிறது, அதற்குள் பொறுக்க முடியவில்லை என்பது இதில் சேராது.

காசு கட்டியும் பார்க்க விடாமல் செய்வது இன்னொரு இடம். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. ஒரு தளத்தில் உயர்ந்த பிளானுக்குக் கட்டியிருந்தேன், 4கே என்று போட்டிருந்தது. லேப்டாப்பை மானிட்டரில் சொருகினால் சத்தம் வருகிறது, படம் கறுப்பு. காரணம், பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு. ஸ்கிரீன், கேபிள், பிரவுசர் எல்லாம் அது கேட்கும் தரத்தில் இருந்தால்தான் திறக்கும், ஒன்று பழையதாக இருந்தாலும் படத்தை மறைத்துவிடும் அல்லது மங்கலாகக் கொடுக்கும். அண்ணன் மகன் பக்கத்தில் உட்கார்ந்து அதே படத்தின் இறக்கிய ஃபைலை அதே மானிட்டரில் ஜம்மென்று ஓட்டிக் காட்டினான். "சித்தப்பா, காசு கட்டினதுக்குத்தான் உங்களுக்கு இந்த தண்டனை" என்றான். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் படத்துக்கான காசு போய்விட்டது, தரவேண்டியதைத் தரவில்லை. அதே படத்தை வேறு வழியில் பார்த்ததில் நியாயக் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சட்டம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், போகட்டும்.

டிஜிட்டலில் "வாங்கிய" படத்தைப் பிறகு பறிப்பதும் இந்த வகையில் வரும். 2023 டிசம்பரில், பிளேஸ்டேஷனில் பலர் விலைக்கு வாங்கியிருந்த டிஸ்கவரி நிகழ்ச்சிகளெல்லாம் நூலகத்திலிருந்து போய்விடும் என்று சோனி அறிவித்தது. எழுந்த கூச்சலில் அந்த மாதமே பின்வாங்கியது. வாங்கு என்று பட்டனில் போட்டுவிட்டு உரிமம் மட்டும் கொடுத்தால் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிபோர்னியா சட்டமே போட்டது, 2025 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மற்றபடி எல்லாத் தளத்துக்கும் சேர்த்துக் கட்டினால் கட்டுப்படியாகாது என்பதற்கு என் பதில், சேர்த்துக் கட்டாதீர்கள் என்பதுதான். பழைய கேபிள் ஒப்பந்தம் போல் யாரும் நம்மைக் கட்டிப்போடவில்லை. நான் ஒரு மாதத்துக்கு ஒரே தளம். சேர்ந்த அன்றே ஆட்டோ ரினியூவலை அணைத்துவிடுவேன், பெரும்பாலான தளங்களில் மாதம் முடியும் வரை பார்க்கலாம். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று ஜஸ்ட்வாட்ச் மாதிரித் தளங்களில் ஒரே தேடலில் தெரிந்துவிடும், ரிமோட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரே ஒரு படம்தான் வேண்டுமென்றால் வாடகைக்கு எடுப்பது சந்தாவைவிடப் பெரும்பாலும் மலிவு. பார்க்க வேண்டியவற்றைத் தளம் வாரியாக போனில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தளத்தின் முறை வரும்போது லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தால், அதில் பாதியைப் பார்க்கும் ஆசையே போயிருக்கும்.