நாத்தனார் மகளின் மேட்சுக்குப் போகலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

மணப்பாறையிலிருந்து கல்யாணமாகி மலேசியாவில் சுங்கை சிப்புட் வந்து நாலு மாதம் ஆகிறது, வீட்டுக்காரர் காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருகிறார், படிவம் 3 (நம் ஊர் ஒன்பதாம் வகுப்பு) படிக்கும் நாத்தனார் மகள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள், மாவட்டப் போட்டிக்கு "அத்தை, நீங்க கண்டிப்பா வரணும்" என்கிறாள், போனால் அங்கே முக்கால்வாசி சீனர்களாமே, மலாயும் வராது சீனமும் வராது, போய் என்ன செய்வது, மாமியார் என்ன நினைப்பார், இந்த ஊரில் வாழ்க்கை இப்படியே வீட்டுக்குள்தான் போகுமா என்று கேட்டிருந்தாய். தங்கச்சி என்று உரிமையோடு கூப்பிடுகிறேன், அதனால் நீ என்றே எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

போ. கண்டிப்பாகப் போ.

நானும் உன்னைப் போல வந்தவள்தான். 1999இல் பெரியகுளத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பெரியகுளம் என்றால் எல்லாருக்கும் மாம்பழம் ஞாபகம் வரும், எங்களுக்கு மே மாதம் என்றால் மாம்பழமும் பேஸ்கட்பாலும். சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி., சதர்ன் ரயில்வே, ராணுவம் என்று எங்கெங்கிருந்தோ அணிகள் வரும், சாயங்காலம் விளக்கு போட்டு ஆட்டம் தொடங்கினால் ஊரே காலரியில்தான் இருக்கும். அப்பா தோளில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியவள் நான். கல்யாணம் பேசி முடித்தபோது மலேசியாவில் பேஸ்கட்பால் உண்டா என்று கேட்க நினைத்தேன், வெட்கத்தில் கேட்கவில்லை.

வந்து பார்த்தால் ஊரைச் சுற்றிச் செம்பனையும் (எண்ணெய்ப்பனை) பால்மரமும் (ரப்பர்). என் வீட்டுக்காரருக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற வேலை. விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார். மாமியார் நல்லவர், ஆனால் அதிகம் பேசமாட்டார், முப்பது வருடம் விடியற்காலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் வெட்டியவர், அந்த நேரத்தில் பேசிப் பழக்கமில்லை. (இங்கே மரம் வெட்டுவது என்றால் பால் எடுப்பது, மரத்தைச் சாய்ப்பது இல்லை. நான் முதலில் கேட்டபோது பயந்தே போனேன்.) மதியம் இடி இடித்து மழை வரும், நின்றதும் புழுங்கும், நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தேனி பஸ்களின் பெயரை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டிருப்பேன். அதனால் நீ எழுதியிருக்கிற நாலு மாதம் எனக்குப் புரிகிறது.

ஒருநாள் காலை பசாரில் மீன் வாங்கிக்கொண்டு வரும்போது சிமெண்டுத் தரையில் பந்து தட்டுகிற சத்தம் கேட்டது. மற்ற பந்துச் சத்தம் இல்லை அது, டப் டப் என்று கனமாக விழுந்து எழும் சத்தம், நடுவில் ரப்பர் காலணி கீச்சென்று திரும்புகிற சத்தம். கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு சீனப்பள்ளியின் வேலிக்குள்ளே இரண்டு பள்ளிப் பெண்கள் அணி ஆடிக்கொண்டிருந்தது. மீன் பையோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உள்ளே இருந்து ஒரு சீன அம்மா வந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வேலிக்கு உள்பக்கம் போட்டு, வாசலைக் கையால் காட்டினார். நான் போய் உட்கார்ந்தேன். மீனை வாங்கித் தன்னுடைய ஐஸ் பெட்டியில் தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் பந்து வளையத்துக்குள் விழும்போதெல்லாம் என் முழங்காலைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்து சேர மதியம் ஆகிவிட்டது. மாமியார் மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எப்படி இன்னும் சில்லுனு இருக்கு?" என்று மட்டும் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அடுத்த வாட்டி போனா சொல்லிட்டுப் போ" என்றார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். முக்கால்வாசி சீனர்கள் என்று கேள்விப்பட்டது சரிதான். அதற்குக் காரணம் இருக்கிறது, யாரும் நம்மை ஒதுக்கி வைத்ததால் இல்லை. சீன ஆரம்பப்பள்ளிகளில் பிள்ளைகள் காலையில் வரிசையாக நிற்கிற சிமெண்டுத் தரையே பல இடங்களில் கூடைப்பந்து கோர்ட்தான், இரண்டு பக்கமும் கம்பம் நிற்கும், ஏழு வயதில் பந்தைத் தட்டத் தொடங்கிவிடுகிறார்கள், 12 வயதுக்குட்பட்டோர் போட்டியிலேயே இறங்கிவிடுகிறார்கள். ரப்பர்த் தோட்டத்துக் குடியிருப்பில் நமக்கு இருந்தது புல் திடல். அங்கே பையன்களுக்குக் காற்பந்து, கபடி, பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து (நெட்பால்). அதனால் நம் பிள்ளைகள் கூடைப்பந்தை முதன்முதலில் கையில் பிடிப்பதே பெரும்பாலும் இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, 13 வயதில். ஆறு வருடம் பின்னால் நின்று தொடங்கி, ஓடிப் பிடிக்க வேண்டும். உன் நாத்தனார் மகள் படிவம் 3இல் பள்ளி அணியில் இருக்கிறாள் என்றால் அந்தப் பெண் எவ்வளவு உழைத்திருப்பாள் என்று யோசித்துப் பார். அவள் கூப்பிடும்போது போகாமல் இருக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. பயிற்சி பள்ளி முடிந்த பிறகு சாயங்காலம் நடக்கும். பள்ளி வேன் 2 மணிக்கே கிளம்பிவிடும். டவுனில் வீடு உள்ள பிள்ளைகள் நடந்து போவார்கள், தோட்டத்துப் பிள்ளை எப்படி வீடு திரும்புவாள்? என் மகளுக்கே இந்தக் கஷ்டம் வந்தது, அவள் படித்த பள்ளியில் பயிற்சிக்கு வராதவர்களை அணியிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள், வேன்காரரைக் கெஞ்சினேன், முடியாது என்றார். கடைசியில் அவளோடு ஆடிய ஒரு பெண்ணின் அம்மா வாரம் இரண்டு நாள் தன் காரில் கொண்டுவந்து விட்டார். மற்ற நாள் நான் மோட்டார் சைக்கிளில் போனேன். அதை ஓட்டக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். உங்கள் வீட்டில் அந்தப் பெண்ணை யார் கூட்டி வருகிறார்கள் என்று கேட்டுப் பார், உன்னால் முடிந்தால் நீ அந்த வேலையை எடுத்துக்கொள்.

போட்டிகள் எப்படி நடக்கும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் மாவட்ட அளவு, எம்.எஸ்.எஸ்.டி. என்பார்கள். நம் ஊர் கோலகங்சார் மாவட்டத்தில் வருகிறது. அதில் ஜெயித்து மேலே போனால் பேராக் மாநில அளவு. அதற்கு மேலே எம்.எஸ்.எஸ்.எம்., நாடு முழுவதற்கும். அங்கே பள்ளிகள் ஆடுவதில்லை, மாநில அணிகள் ஆடும். உன் நாத்தனார் மகளுக்கு 15 வயதுக்குட்பட்டோர் பிரிவு, அதற்கு மேலே 18. மலாயில் இந்த ஆட்டத்துக்கு போலா கெராஞ்சாங் என்று பேர், ஆசிரியரை சிக்கு என்று கூப்பிட வேண்டும், பந்து உள்ளே விழுந்தால் மாசுக். இந்த மூன்று வார்த்தை போதும் முதல் நாளைக்கு. சீனர்கள் ஜியா யோ, ஜியா யோ என்று கத்துவார்கள். எண்ணெய் ஊற்று என்று அர்த்தமாம், விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் தூண்டிவிடுவது போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். நீயும் கத்து.

நான் பெரியகுளத்தில் பார்த்த காலத்தில் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி ஆடுவார்கள். 2000இல் உலக அளவில் விதியை மாற்றி 10 நிமிடம் வீதம் நாலு குவார்ட்டர் ஆக்கிவிட்டார்கள், ஓர் அணி பந்தை வளையத்துக்கு எறியாமல் வைத்துக்கொள்ளும் நேரத்தையும் 30 வினாடியிலிருந்து 24 ஆகக் குறைத்தார்கள். ஆட்டம் வேகமாகிவிட்டது. ஒரு குவார்ட்டரில் ஓர் அணி நாலு ஃபவுலைத் தாண்டிவிட்டால், அப்புறம் செய்கிற ஒவ்வொரு தடுப்பு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிகிற பந்து, விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், கடைசி இரண்டு நிமிடம் இதில்தான் இருக்கிறது.

அப்படி ஒரு கடைசி நிமிடத்தைச் சொல்கிறேன். மாவட்ட இறுதி ஆட்டம், 15 வயதுப் பெண்கள். என் மகள் அப்போது சின்னப் பிள்ளை, மடியில் உட்கார்ந்திருந்தாள். எல்பில் தோட்டத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பெண், அந்த அணியிலேயே ஒரே தமிழ்ப்பெண், மற்றவர்கள் கணுக்கால் மூடிய விளையாட்டுக் காலணி போட்டிருக்க, இவள் மட்டும் பள்ளிக்குப் போடுகிற வெள்ளைக் கேன்வாஸ் காலணி. இடது காலணியில் கயிறு அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. ஒரு புள்ளி பின்னால் இருக்கிறார்கள், 9 வினாடி மிச்சம். பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள், தள்ளிவிட்டார்கள், விசில். இரண்டு ஃப்ரீ த்ரோ.

கோட்டில் வந்து நின்றாள். உள்ளங்கையால் காலணியின் அடியைத் துடைத்தாள், பிறகு கையைப் பாவாடை மாதிரி தொளதொளவென்று இருந்த கால்சட்டையில் துடைத்தாள். மூன்று தரம் பந்தைத் தட்டினாள். முதல் பந்து வளையத்தின் பின்பக்கம் பட்டு எழும்பி உள்ளே விழுந்தது. சமம். எனக்கு மூச்சு நின்றுவிட்டது, என்னை அறியாமல் "விடாதேடி, விடாதே!" என்று கத்தினேன். பக்கத்திலிருந்த சீன அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது பந்து வளையத்தை ஒரு சுற்று சுற்றி, உள்ளே போகிற மாதிரி சாய்ந்து, வெளியே விழுந்தது. ஓவர்டைம் 5 நிமிடம். இரண்டு புள்ளியில் தோற்றோம்.

அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்து அந்த முடிச்சுக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே இருந்தாள். கேப்டன் பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் துண்டை அவள் தலையில் போட்டாள். ஒரு அம்மா குளிர்ந்த ஹண்ட்ரட் பிளஸ் டின்னைத் திறந்து அவள் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, மலாயும் ஆங்கிலமும் கலந்து, நீ கத்தினாயே அது என்ன வார்த்தை என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வருடம் அதே பெண் ஆடும்போது நாலைந்து சீன அம்மாக்கள் சேர்ந்து "விடாதே! விடாதே!" என்றார்கள். ழகரம் ளகரம் எதுவும் இல்லாத வார்த்தை பார், சுத்தமாகச் சொன்னார்கள். அந்த வருடம் ஜெயித்தோம். செம்மோர் வழியாக ஈப்போவுக்கு மாநிலப் போட்டி பார்க்க அவர்கள் காரிலேயே போனேன். அங்கே முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டோம், பரவாயில்லை, ஈப்போ பிள்ளைகள் ஆடுவது வேறு தரம், அதைப் பார்த்ததே எனக்குப் பெரிய சந்தோஷம்.

மாமியார் என்ன நினைப்பார் என்று கேட்டாயே. என் மாமியாரை ஒருமுறை நானே கூட்டிப்போனேன். விதி எதுவும் தெரியாது, ஆனால் முதல் பத்து நிமிடத்திலேயே, "அந்த 8ஆம் நம்பர் பிள்ளைக்கு மூச்சு வாங்குது, உக்கார வைக்கச் சொல்லு" என்றார். அடுத்த நிமிடம் பயிற்சியாளர் அந்தப் பெண்ணை மாற்றினார். அதன் பிறகு மாமியார் இல்லாமல் நான் எந்த ஆட்டத்துக்கும் போனதில்லை. இறந்துபோகும் வரைக்கும் ஒவ்வொரு வருடமும், எப்ப தொடங்குது, எந்தப் பள்ளிக்கூடத்துல என்று முதலில் கேட்பது அவர்தான். எங்கள் இருவருக்கும் பேச்சு வந்ததே அந்தக் கோர்ட் ஓரத்தில்தான். நீயும் தனியாகப் போகாதே, அவரையும் கூப்பிட்டுப் பார். வரமாட்டேன் என்றால் விட்டுவிடு, அடுத்த வருடம் திரும்பக் கேள்.

குடை எடுத்துக்கொள், வெயிலுக்கும் வேண்டும் மழைக்கும் வேண்டும். கூரை இல்லாத கோர்ட் என்றால் மழை வந்ததும் ஆட்டம் நின்றுவிடும், பிள்ளைகள் எல்லாம் துடைப்பம் எடுத்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளுவார்கள், அரை மணி நேரம் ஆகும், நீயும் ஒரு துடைப்பம் வாங்கிக்கொள், அறிமுகம் ஆவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கொஞ்சம் அதிகமாகச் சமைத்து எடுத்துப் போ. எலுமிச்சை சாதம் சீனப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

எந்தப் பள்ளியில் ஆட்டம், என்றைக்கு என்று உன் நாத்தனார் மகளிடம் கேட்டு எழுது. நானும் வருவேன். நடுக்கோட்டுக்கு நேராக முதல் வரிசையில் பச்சைக் குடையோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் அது நான்தான், பக்கத்து நாற்காலியில் பை வைத்திருப்பேன், எடுத்துவிட்டு உட்கார்.