கீமோ நாட்களில் அம்மாவுக்கு எந்த யோகா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 54 வயது. இடது மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளை) எடுத்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிவப்பு மருந்து என்று சொல்கிற கீமோ ஏற்றுகிறார்கள், இரண்டு முறை முடிந்திருக்கிறது. இன்னும் இரண்டு முடிந்ததும் வாராவாரம் பக்ளிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்து, அப்புறம் ரேடியேஷன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாலே அம்மாவுக்குக் குமட்டுகிறது. இரவில் தூக்கமில்லை, பகலெல்லாம் அசதி, இடது கையை மேலே தூக்க முடியவில்லை. தினமும் அரை மணி நேரம் கபாலபாதி செய்தால் எல்லாம் சரியாகும், நோயும் திரும்பாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஏரிப் பக்கம் நடக்கும் காலை யோகா வகுப்பில் அம்மாவைச் சேர்க்கலாமா?

பதில்: கபாலபாதி வேண்டாம். வகுப்பும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் யோகா வேண்டும், இன்று மாலையே வீட்டில் ஆரம்பிக்கலாம்.

முதலில் கபாலபாதியை முடித்துவிடுகிறேன். வயிற்றைப் படபடவென்று உள்ளிழுத்து மூச்சைத் தள்ளுகிற பயிற்சி அது. ஏற்கெனவே குமட்டிக்கொண்டிருக்கும் வயிற்றைக் கிளறிவிடும், ரத்தம் குறைந்திருக்கிற உடம்பில் தலைசுற்ற வைக்கும். மூச்சை வேகமாக இழுத்து விடும் பஸ்திரிகா, மூச்சை அடக்கி வைக்கும் கும்பகம், மூக்கில் தண்ணீர் விடும் ஜலநேதி, இவையும் கீமோ முடியும்வரை வேண்டாம்.

நோய் திரும்பாது என்கிற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் 850 பேரிடம் யோகாவைச் சோதித்து, 2022இல் நல்ல முடிவுகளை அறிவித்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் முறையான புற்றுநோய் சிகிச்சையையும் எடுத்துக்கொண்டவர்கள். அதோடு யோகாவும் சேர்ந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா அன்பால்தான் சொல்கிறார். ஆனால் மருந்தைத் தள்ளிப்போடலாம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இனி குமட்டல். வாசலிலேயே வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது முக்கியமான விஷயம். அது மருந்து செய்கிற வேலை இல்லை, மருந்து இன்னும் உடம்பில் ஏறவேயில்லையே. முதல் இரண்டு முறை பட்ட பாட்டை, அந்த ஸ்பிரிட் வாசனையோடும் அந்த நாற்காலியோடும் உடம்பு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொண்டுவிட்டது. இந்த வகைக் குமட்டல் ஒருமுறை பிடித்துக்கொண்டால் வாந்தி மாத்திரைக்கு அவ்வளவாக அடங்காது. மூச்சும் தளர்வுப் பயிற்சியும் நன்றாகக் கைகொடுக்கும் இடம் இதுதான். உங்கள் ஊரிலேயே, எஸ்-வியாசா யோகா நிறுவனத்தினரும் புற்றுநோய் மருத்துவர்களும் சேர்ந்து மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 62 பெண்களிடம் ஓர் ஆய்வு செய்து 2007இல் வெளியிட்டார்கள். யோகா செய்தவர்களுக்குக் கீமோவுக்குப் பிறகு வரும் குமட்டலும் குறைந்தது, முன்கூட்டியே வருவதும் குறைந்தது.

அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். படுத்தோ சாய்ந்தோ இருந்து, வலது உள்ளங்கையைத் தொப்புள் மேல் வைக்கட்டும். மூக்கு வழியாக மூன்று எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை விட வேண்டும். கை மெதுவாக மேலே வந்து கீழே இறங்க வேண்டும், மார்பு அதிகம் அசையக் கூடாது. ஐந்து எண்ணுவது சிரமமாக இருந்தால் நான்கு போதும். வெளியே விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் கணக்கு. இப்படிப் பத்து நிமிடம். அது முடிந்ததும் பிராமரி: வாயை மூடி, ம்ம்ம் என்று மெல்லிய ரீங்காரம், ஏழெட்டு முறை. காதைப் பொத்த வேண்டியதில்லை, அதற்குக் கையை உயர்த்த அம்மாவால் இப்போது முடியாது.

இதை ஆஸ்பத்திரி நாற்காலியில் முதல்முறையாகச் செய்து பார்த்தால் வேலை செய்யாது. அடுத்த கீமோவுக்கு இருக்கிற நாட்களில் தினமும் இரண்டு வேளை வீட்டிலேயே பழகட்டும். கீமோ நாள் காலையில் கிளம்பும் முன் ஒருமுறை. ஆட்டோவில், சிக்னலில் நிற்கிறபோதெல்லாம் அந்த நீள மூச்சு. ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் நடுவே காத்திருக்கும் நேரம்தான் ஆளைப் படுத்தும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் மெதுவாக எண்ணுங்கள். டாக்டர் எழுதிய வாந்தி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். யோகா செய்கிறோமே என்று மாத்திரையை நிறுத்துகிற குடும்பங்கள் இருக்கின்றன, வேண்டாம். அதையும் மீறி வாந்தி நிற்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது.

சீதளியைப் பலர் சொல்வார்கள். நாக்கைக் குழலாக்கி மூச்சை இழுப்பது குமட்டலுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் சிவப்பு மருந்து வாய்ப்புண்ணைக் கொண்டுவரும். வாய் புண்ணாகவோ வறண்டோ இருக்கும் நாட்களில் அதைத் தொடாதீர்கள்.

இப்போது மூன்று வாரத்தைப் பிரித்துப் பாருங்கள், ஒவ்வொரு வாரமும் உடம்பு வேறு மாதிரி இருக்கும். மருந்து ஏறிய முதல் நாலைந்து நாள் மூச்சும், படுத்து உடம்பைத் தளர்த்தும் யோக நித்திரையும் மட்டும். நடந்தால் வீட்டுக்குள் நடக்கட்டும். ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். வகுப்பு வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒரு காரணம்: பலர் கூடும் இடமும் அடுத்தவர் விரித்த பாயும் அந்த நாட்களில் ஆகாது. இந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரி. மூன்றாவது வாரம்தான் அம்மாவுக்குத் தெம்பான வாரம். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் பயிற்சிகள், கொஞ்சம் நீளமான நடை எல்லாம் அப்போது செய்யலாம்.

ரத்த ரிப்போர்ட் வந்ததும் தட்டணு எண்ணிக்கையையும் ஹீமோகுளோபினையும் பாருங்கள். தட்டணுக்கள் 50,000க்குக் கீழே போனாலோ, ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இறங்கினாலோ ஆசனம் எதுவும் வேண்டாம். மூச்சுப் பயிற்சி மட்டும் செய்துகொண்டு டாக்டரிடம் கேளுங்கள். சிவப்பு மருந்து சிலருக்கு இதயத்தைப் பாதிக்கும், அதற்காகத்தான் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கிறார்கள். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் அது வெறும் அசதி இல்லை, அன்றைக்கே சொல்ல வேண்டிய விஷயம்.

தூக்கத்துக்கு ஒன்று கேட்கிறேன்: தூக்கமே வராத இரவுகள் கீமோ முடிந்த முதல் இரண்டு மூன்று நாளில்தானே வருகின்றன? அப்படியானால் காரணம் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. வாந்திக்காகக் கொடுப்பது. அந்த மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மற்ற இரவுகளுக்கு யோக நித்திரை நல்லது. வலது பக்கமாகச் சாய்ந்து, இடது கையைத் தாங்க ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. கீமோ ஏற்றத் தோலுக்கு அடியில் பதிக்கும் போர்ட்டை வலது பக்கம் வைத்திருந்தால் மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் தலையணை. கால் விரலில் தொடங்கி உச்சி வரை ஒவ்வொரு இடமாக நினைத்துத் தளர்த்திக்கொண்டே வரட்டும். கைபேசியில் அந்நியக் குரல் எதற்கு? நீங்கள் சொல்லுங்கள், உங்கள் குரலில் அம்மா இன்னும் சீக்கிரம் தளர்வார்.

அசதி விஷயத்தில் யோகாவை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2024 வழிகாட்டல், சிகிச்சை நடக்கும்போது உடற்பயிற்சியை முன்னால் வைக்கிறது, யோகாவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்குச் சொல்கிறது. அதனால் நடைதான் முதலில். பத்து நிமிடம், காலை ஒன்று மாலை ஒன்று. அம்மா படுத்தே இருந்தால் அசதி குறையாது, கூடும். பாசத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட எடுக்கவிடாமல் செய்கிறோமே, அதுவும் அசதியை வளர்க்கும்.

கை விஷயம் அவசரம். ரேடியேஷன் மேஜையில் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் வைத்திருக்க வேண்டியிருக்கும், அதுவும் வாரக்கணக்கில் தினமும். இப்போதே பழக்கினால்தான் அப்போது முடியும். அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களால் மெதுவாக மேலே ஏறட்டும். இழுக்கிறது என்று தெரிகிற இடத்தில் நிறுத்தி, மூன்று நீள மூச்சு, பிறகு இறங்கலாம். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வாரம் ஒரு விரற்கடை ஏறினாலும் நல்லதுதான். படுத்துக்கொண்டு இரண்டு கைகளையும் கோத்து, வலது கையின் பலத்தில் இடது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோவதும் நல்லது.

இடது கையில் உடம்பின் பாரம் இறங்குகிற எதுவும் வேண்டாம். காலை வகுப்புகளில் சூரிய நமஸ்காரம்தான் பிரதானம், அதில் பாதி நிலைகள் கையை ஊன்றித்தான். நெறி எடுத்த கையில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. பாரத்தைப் பிற்பாடு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்டலாம். வளையல் இறுகுவது, ரவிக்கைக் கை ஒரு பக்கம் பிடிப்பது, இவைதான் முதல் அடையாளங்கள். மாலையில் உடை மாற்றும்போது அம்மாவே பார்த்துச் சொல்லட்டும்.

பக்ளிடாக்செல் ஆரம்பித்த பிறகு விரல்களும் பாதங்களும் மரத்துப்போகலாம், எரியலாம். அப்போது ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் போன்றவை கூடாது. நின்று செய்வதெல்லாம் சுவரையோ கனமான நாற்காலியையோ பிடித்துக்கொண்டு, கீழே வழுக்காத விரிப்பு. பாதம் மரத்திருப்பவர் விழுவது பாதத்துக்குத் தரை தெரியாததால்தான். மரத்துப்போவது கூடினால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

வகுப்புக்குப் போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ரேடியேஷன் முடிந்து, தோல் ஆறி, டாக்டர் சரி என்றதும் போகலாம். அதற்கு முன் ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். அம்மாவுக்கு நெறி எடுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். எந்தக் கை, எப்போது அறுவை, என்ன மருந்து, எலும்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பவராக இருந்தால் சேர்க்கலாம். எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்பவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.