விறைத்து நின்றால் பந்து எப்படிப் போகும்?

கேள்வி: மொட்டை மாடியில் வலை கட்டி கோல்ஃப் பழகுகிறேன். கால் இடைவெளி, முழங்கால் மடிப்பு, முதுகுச் சாய்வு எல்லாம் வீடியோவில் சொன்னபடிதான் வைக்கிறேன். ஆனாலும் அடித்து முடித்ததும் வலது காலில் பின்னால் தள்ளாடுகிறேன். என்ன செய்யலாம்?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: நிற்பதற்கு மட்டும் பழகியிருக்கிறீர்கள், நகர்வதற்குப் பழகவில்லை. உடம்பை ஒவ்வொரு இடமாகப் பூட்டிவிட்டு அடித்தால் கைதான் சுழலும். பேக்ஸ்விங்கில், அதாவது மட்டையைப் பின்னால் தூக்கும்போது, எடை இடது காலிலேயே தங்கி, பந்தை அடிக்கும்போது வலது பக்கம் சரியும். தள்ளாட்டம் அதனால் வருவது.

கிளப்பை (கோல்ஃப் மட்டையை) கீழே வைத்துவிட்டு ஒரு டென்னிஸ் பந்தை எடுங்கள். சுவரைப் பார்த்துப் பக்கவாட்டில் நின்று, இடுப்பு உயரத்தில் கையை வீசி எறியுங்கள், பாதங்கள் என்ன செய்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். முதலில் எடை வலது பாதத்தின் உட்பக்கம் போகும், கை முன்னால் வருவதற்குள்ளேயே இடது கால் எடையை வாங்கிவிடும், இடுப்பு திரும்பும், வலது குதிகால் தானாக எழும்பும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கோல்ஃப் ஸ்விங்கிலும் (மட்டை வீச்சிலும்) இதே வரிசைதான்.

அப்புறம் நிற்பதைப் பார்ப்போம். சுவருக்கு ஒரு சாண் முன்னால் முதுகைக் காட்டி நின்று, முதுகை வளைக்காமல் பின்புறம் சுவரைத் தொடும்வரை இடுப்பிலிருந்து குனியுங்கள். முழங்கால் லேசாகத் தளர்ந்தால் போதும், உட்கார வேண்டாம். எடை ஷூ லேஸுக்கு நேர் கீழே இருக்கட்டும். கால் இடைவெளி, நடுத்தர அயர்ன் என்ற இரும்புத் தலை மட்டைக்குத் தோள் அகலம், அதிக தூரம் அடிக்கும் டிரைவர் மட்டைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். ரொம்ப அகட்டினால் எடை மறுபக்கம் போகவே போகாது. இடது பாதத்தின் நுனியை இலக்குப் பக்கம் சற்றுத் திருப்பிவைத்தால் இடுப்பு சுலபமாகத் திரும்பும். இதெல்லாம் ஆனபிறகு சிலையாகிவிடாதீர்கள், ஸ்விங் தொடங்கும்வரை பாதங்கள் மெல்ல மாற்றி மாற்றி மிதித்தபடியே இருக்கட்டும்.

இரண்டு பாதங்களையும் ஒட்டிவைத்து அரை ஸ்விங் அடித்துப் பாருங்கள். கை அவசரப்பட்டால் அங்கேயே தடுமாறுவீர்கள். வெறுங்காலில் செய்தால் இன்னும் நல்லது. அமெரிக்க ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் சிறுவயதில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவர், பெரிய ஆட்டக்காரரான பிறகும் அப்படிப் பயிற்சி செய்திருக்கிறார். சேலம் வெயிலில் மாடி கொதிக்கும், காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஸ்டேட் புல்வெளியில் ஆடுகிறேன், எங்கும் சரிவு. சமதளத்தில் நேராகப் போகும் பந்து இங்கே இடது பக்கம் ஓடுகிறது. நான் வலது கைக்காரன்.
– வாசகர், ஏற்காடு

பதில்: பந்து உங்கள் பாதத்தைவிட மேட்டில் இருக்கிறது என்று தெரிகிறது. அப்போது கிளப்பின் முகம் இடது பக்கம் பார்க்கும், பந்தும் அங்கேதான் போகும். கிளப்பைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்து, சற்று நிமிர்ந்து நின்று, இலக்குக்கு வலது பக்கம் குறிவையுங்கள். பந்து பள்ளத்தில் இருந்தால் வலது பக்கம் ஓடும், அதற்கு இடுப்பிலிருந்து கூடுதலாகக் குனிய வேண்டும். ஏற்றத்தில் அடிக்கும்போது தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாயுங்கள். பந்து உயர எழும்பி தூரம் குறையும் என்பதால், வழக்கத்தைவிடத் தூரம் போகும் கிளப்பை எடுங்கள். இறக்கத்தில் பந்து தாழப் பறந்து உருண்டோடும்.

உங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்கள் சரிவில் நிற்பதைப் பாருங்கள், மேட்டுப் பக்கத்து முழங்கால் தானாக மடிந்திருக்கும். நீங்களும் அடிக்கும் முன் பந்தில்லாமல் இரண்டு முறை வீசிப் பாருங்கள், எந்தப் பக்கம் சரிகிறீர்கள் என்று பாதமே சொல்லிவிடும். சரிவில் முழு வேகம் வேண்டாம், முக்கால் ஸ்விங் போதும்.

கேள்வி: வயது 60 தாண்டிவிட்டது. இடுப்பு முன்போல் திரும்பவில்லை.
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: பேக்ஸ்விங்கில் இடது குதிகாலை எழும்ப விடுங்கள். பெரிய அமெரிக்க கோல்ஃப் ஆட்டக்காரர் ஜாக் நிக்லஸ் நல்ல இளமையிலேயே அப்படித்தான் ஆடினார். தினமும் பல் துலக்கும்போது சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் மாற்றி மாற்றி நின்று பழகுங்கள். தலைசுற்றல் இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.