புதுக் காரில் ஓட்டுகிற சுகம் போய்விட்டதா? – கேள்வி பதில்

கிளிநொச்சியில் கராஜ் வைத்திருப்பதாலும் வாய் கொஞ்சம் நீளம் என்பதாலும், இந்தக் காலத்துக் கார்களை ஓட்டுவதில் ஏதாவது சுகம் இருக்கிறதா என்று யார் சண்டை பிடித்தாலும் கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள். சரி, கேள்விகளை அனுப்புங்கோ என்றேன், வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்தக் கார் நல்லம்?" என்று ஒற்றை வரியில் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை, எதற்கு வேண்டும் என்று சொல்லாமல் நான் என்னத்தைச் சொல்வது.

பரந்தனிலிருந்து: அண்ணை, பழைய காரில் இருந்த சுகம் புதுக் காரில் இல்லை என்று எல்லாரும் சொல்லுகினம். உண்மையோ, இல்லை வயது போன ஆக்களின் புலம்பலோ?

பாதி உண்மை, தம்பி. ஓட்டுகிற சுகம் என்பதில் வேகத்துக்குச் சின்னப் பங்குதான். றோட்டில் என்ன நடக்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டும், காலை அழுத்தினால் கார் உடனே அசைய வேண்டும், வளைவில் பாரம் எந்தப் பக்கச் சில்லுக்குப் போகிறது என்பதை இருந்த இடத்திலேயே உணர வேண்டும். இவை குறைந்திருப்பது உண்மை.

ஸ்டேரிங்கை எடுங்கள். முந்தைய பவர் ஸ்டேரிங்கில் எஞ்சின் பெல்ட்டால் ஒரு பம்ப் சுற்றும், எண்ணெய் அமுக்கம் உங்கள் கைக்கு உதவும், றோட்டின் உதைப்பும் கொஞ்சம் மேலே வந்து சேரும். இப்போது ஒரு மின்மோட்டார் உதவுகிறது. திருப்பும்போது மட்டும் மின்சாரம் எடுப்பதால் பெற்றோல் மிச்சம், ஆனால் எவ்வளவு பாரமாக இருக்க வேண்டும், எந்த அதிர்வு கைக்கு வரலாம், எது வரக்கூடாது என்பதைக் கம்பியூட்டர் தீர்மானிக்கிறது. 2011ல் போர்ஷே தன் 911 காரையே இந்த முறைக்கு மாற்றியபோது பெரிய கூச்சல் எழுந்தது. பிறகு கம்பனிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு வந்தன, இன்று நல்ல மின் ஸ்டேரிங்கும் உண்டு. நாங்கள் இங்கே வாங்குகிற சின்னக் கார்களில் அது இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது பாரம். 1976ல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ 800 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், இன்று அதே பெயரில் வருவது 1400 கிலோவுக்கு மேல். காற்றுப்பை, மோதல் தாங்குகிற உடம்பு, சத்தம் தடுக்கிற பஞ்சு, ஏசி என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த 600 கிலோ. அதைத் திட்ட எனக்கு மனமில்லை, ஏனென்றால் ஏ9 பெருந்தெருவில் நசுங்கிப்போய் என் கராஜுக்கு இழுத்துவரப்படுகிற சில கார்களின் ஓட்டுநர்கள் அடுத்த நாள் தாங்களே நடந்து வந்து சாமான்களை எடுத்துப் போகிறார்கள்.

ஆனால் வருடத்தைக் குற்றம் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மஸ்டா எம்எக்ஸ்-5 1989ல் ஏறக்குறைய 950 கிலோவோடு வந்தது, 2015ல் வந்த நாலாம் தலைமுறையும் 1000 கிலோவைச் சுற்றித்தான் நிற்கிறது. டொயோட்டா 2020ல் ஜிஆர் யாரிஸ் என்று மூன்று சிலிண்டர், 1.6 லீட்டர் டர்போ, ஆறு கியர் மனுவல், நாலு சில்லும் இழுக்கிற ஒரு குட்டிக் காரை இறக்கியது. செய்ய நினைத்தால் இப்போதும் செய்யலாம். பெரும்பாலானவர்கள் அதைக் கேட்பதில்லை, கம்பனியும் கொடுப்பதில்லை.

வவுனியாவிலிருந்து, ஆசிரியை ஒருவர்: என்னுடைய சுசூகி வாகன் ஆரில் காலை அழுத்தினால் எஞ்சின் கத்துகிறது, கார் மெதுவாகத்தான் போகிறது. ஏதாவது பழுதா?

பழுதில்லை அக்கா, அதன் குணம். உள்ளே கியர்கள் இல்லை. அகலம் மாறுகிற இரண்டு கப்பிகளும் நடுவில் ஓர் இரும்புப் பட்டியும்தான், அதைத்தான் சிவிடி என்கிறார்கள். நீங்கள் முழுக்க அழுத்தியதும் கம்பியூட்டர் முதலில் எஞ்சினை அதிக சுற்றுக்கு ஏற்றிவிட்டு, பிறகு கப்பிகளை மெதுவாக நகர்த்தி வேகத்தைக் கூட்டும். அதனால் சேற்றில் புதைந்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் மாதிரிச் சத்தம் முன்னே போகும், கார் பின்னே வரும். பெற்றோல் மிச்சம் பிடிக்க இதை விடச் சுகமான வழி இல்லை, ஓட்டுகிற ஆசை உள்ளவனுக்கு இதை விட எரிச்சலானதும் இல்லை. முக்கால்வாசி மட்டும் அழுத்திப் பாருங்கள், கத்தல் குறையும், ஓமந்தையில் பஸ்ஸை முந்த எடுக்கிற நேரம் பெரிதாக மாறாது. சிவிடி எண்ணெயை மட்டும் காலத்துக்கு மாற்றுங்கள், அதுவும் அந்தக் காருக்குச் சொன்ன எண்ணெயைத்தான். மலிவானதை ஊற்றி கியர்பெட்டியைச் சாகடித்தவர்கள் நிறையப் பேர்.

இதே கேள்வியை டொயோட்டா அக்வா ஹைபிரிட் வைத்திருக்கும் இரண்டு பேரும் கேட்டிருந்தார்கள். அதில் பட்டியே இல்லை, இரண்டு மின்மோட்டாரையும் எஞ்சினையும் ஒரு கியர்த்தொகுதி இணைக்கிறது, சத்தம் மட்டும் ஏறக்குறைய அதே மாதிரி. கிரவல் றோட்டில் திரிகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விக்கிற காற்று பின்இருக்கைப் பக்கத்தால்தான் போகிறது. அங்கே புழுதி அடைத்தால் பற்றரி சூடாகிச் சீக்கிரம் போய்விடும். துடையுங்கள், காசு செலவில்லை.

புதுக்குடியிருப்பிலிருந்து: அப்பாவின் மொறிஸ் மைனர் கொட்டிலில் நிற்கிறது. மண்ணெண்ணெயில் ஓடிய கார். அந்தக் காரின் சுகம் எதிலும் இல்லை என்று அப்பா சொல்கிறார்.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பிடித்த கார். ஒரு வேடிக்கை பாருங்கள். 1098 சிசி மைனர் 48 குதிரைவலு, ஏறக்குறைய 775 கிலோ. மேலே அக்கா கேட்ட வாகன் ஆர் 660 சிசி, 50 குதிரைவலுவைச் சுற்றி, 800 கிலோவுக்குள். பாரமும் வலுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆனால் ஒன்றை ஓட்டியவர் இறங்கும்போது சிரித்துக்கொண்டு இறங்குவார், மற்றதில் ஏசியை நிறுத்திவிட்டு இறங்குவார். 1948ல் வெளிவந்த அந்தக் காரை வடிவமைத்தபோதே அலெக் இசிகோனிஸ் ராக் அண்ட் பினியன் ஸ்டேரிங் கொடுத்துவிட்டார், அதாவது ஒரு பல்சில்லு பல் வைத்த கம்பியை நேராகத் தள்ளிச் சில்லைத் திருப்பும். நடுவில் எந்த உதவியும் இல்லை, சில்லு ஒரு கல்லில் ஏறினால் அந்தக் கல்லின் அளவு உள்ளங்கைக்குத் தெரியும். நாலு கியரையும் முழுக்கப் பாவித்தால்தான் கார் போகும், அதனால் முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே பெரிய வேலை செய்வதுபோல இருக்கும். சுகம் அங்கேதான் இருந்தது.

மண்ணெண்ணெய்க் கதைக்கு வருவோம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோல் தங்கமாக இருந்தபோது மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஓடியதற்குக் காரணம் அவற்றின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருளும் காற்றும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 7, 8 என்று தாழ்வாக இருந்ததுதான். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது, நேரத்துக்கு முன்னே வெடித்து எஞ்சினைத் தட்டும். இன்றைய எஞ்சின் 10, 11 என்று அமுக்குகிறது, அதில் ஊற்றினால் முடிந்தது கதை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடான பிறகு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணியாக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், பின்னால் போகிறவருக்குக் கண் எரியும். கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. அதைச் சுகம் என்று மட்டும் சொல்லாதேங்கோ, வேறு வழி இல்லாமல் ஓடிய ஓட்டம் அது. அப்பா சொல்கிற சுகம் ஸ்டேரிங்கிலும் கியரிலும் இருந்தது, மண்ணெண்ணெயில் இல்லை.

காரை விற்காதேங்கோ. பிரேக் ட்ரம்மையும் ஹோஸ்களையும் முதலில் பாருங்கள், எஞ்சின் பிறகு.

ஜெர்மனியிலிருந்து, சொந்த ஊர் மாங்குளம்: இங்கே புதுக் கார் வாங்கினேன். வேகம் கூடினால் பீப், கோட்டைத் தொட்டால் ஸ்டேரிங் இழுக்கிறது. எனக்கு ஓட்டவே வெறுத்துப்போச்சு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து விற்கப்படுகிற எல்லாப் புதுக் கார்களிலும் வேக எச்சரிக்கை கட்டாயம். அணைக்கலாம், ஆனால் அடுத்த முறை ஸ்டார்ட் பண்ணும்போது தானாகவே திரும்ப வந்துவிடும், அதுவும் சட்டம்தான். சில கம்பனிகள் ஸ்டேரிங்கில் ஒரு பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் போதும் என்று வைத்திருக்கின்றன, கையேட்டைப் பாருங்கள். எனக்கு எரிச்சல் பீப்பில் இல்லை. ஏசி வேகத்தைக் கூட்டவும் திரையில் மூன்று இடம் தொட வேண்டும் என்று வைத்தார்களே, அதில்தான். நல்ல செய்தி, கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்குப் புள்ளி போடுகிற யூரோ என்காப் அமைப்பு 2026 முதல் சிக்னல், ஹோர்ன், வைப்பர் போன்றவற்றுக்கு உண்மையான பொத்தான் வைக்காத கார்களுக்குப் புள்ளி குறைக்கிறது. ஃபோக்ஸ்வாகனும் பொத்தானுக்குத் திரும்புகிறது.

ஊருக்கு வரும்போது மனுவல் கார் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், வெறுப்புப் போய்விடும்.

முல்லைத்தீவிலிருந்து: மின்சாரக் கார் வந்தால் ஓட்டுகிற ஆசை செத்துவிடுமா?

சாகாது, வேறு மாதிரி ஆகும். மின்மோட்டார் கால் பட்டவுடனேயே முழு இழுவையைத் தரும், பற்றரி தரையோடு கிடப்பதால் கார் வளைவில் அதிகம் சாயாது. கெட்டது பாரம். ஹூண்டாய் 2023ல் ஐயோனிக் 5 என் என்று ஒன்றைக் கொண்டுவந்தது, ஏறக்குறைய 2200 கிலோ, 600க்கு மேல் குதிரைவலு. இல்லாத கியரை மாற்றுகிற மாதிரி ஒரு குலுக்கலும் இல்லாத எஞ்சினின் சத்தமும் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். எங்களை ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் கோபப்பட்டார்கள், நான் அதில் வேறு ஒன்றைப் பார்க்கிறேன்: மனிதனுக்குக் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று கம்பனிக்கே தெரிந்திருக்கிறது.

இங்கே பழைய நிசான் லீஃப் மலிவாக வருகிறது என்று பாய்ந்து வாங்காதேங்கோ. அதன் பற்றரிக்குத் தனியாகக் குளிர்விக்கும் ஏற்பாடு இல்லை, எங்கள் வெயிலுக்கு வேகமாகத் தேயும். டாஷ்போர்ட்டின் ஓரத்தில் பற்றரி நலம் காட்டுகிற கோடுகள் இருக்கும், புதிதில் 12. எண்ணிப் பார்த்துப் பிறகு விலை பேசுங்கள்.

கிளிநொச்சியிலிருந்து: கையில் பெரிய காசு இல்லை. ஓட்டச் சுகமான கார் ஒன்று சொல்லுங்கோ அண்ணை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய காருக்கும் நகை விலை வந்துவிட்டது, இறங்கவும் மனமில்லாமல் நிற்கிறது. ஆகவே லேசான மனுவல் கார் ஒன்றைத் தேடுங்கள். எஃப்பி15 சன்னி, 121 கொரோலா, பழைய லான்சர், காசு இன்னும் குறைவென்றால் இந்திய ஆல்டோ. ஆம், ஆல்டோதான், சிரிக்காதேங்கோ! 800 சிசி, சில மாதிரிகளில் பவர் ஸ்டேரிங்கே கிடையாது, மைனருக்குக் கிட்ட வருகிற கார் இன்று அதுதான். காசு உள்ளவன் சுசூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் பார்க்கலாம், 2017ல் வந்தது 970 கிலோ, 1.4 டர்போ, 140 குதிரைவலு. இந்தக் காலத்துக் காரில் சுகம் இல்லை என்கிறவரை அதில் ஒருமுறை ஏற்றினால் போதும்.

கார் மாற்றக் காசில்லை என்றால் இருக்கிற காரின் ரயரைப் பாருங்கள். பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016ம் ஆண்டின் 23வது வாரம். பூ நிறைய இருக்கிறது என்று பத்து வருட ரயரில் ஓடுகிறவர்கள் எங்கள் ஊரில் கணக்கில்லை, ரப்பர் கல்லாகியிருக்கும். நல்ல ரயர், புது ஷொக், தேய்ந்த புஷ்களை மாற்றி அலைன்மென்ட் செய்தால் பாதிக் கார்கள் புதிதாக ஓடும். காரில் சுகம் இல்லை என்று விற்க வந்தவர்களில் சிலர் இதைச் செய்துவிட்டு விற்காமலே போனார்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து, தங்கச்சி ஒருவர்: ஓட்டப் பழகப் போகிறேன். ஆட்டோ கியர் போதும் என்கிறார்கள்.

மனுவலில் பழகுங்கோ. பிறகு எதையும் ஓட்டலாம், வீட்டுப் பட்டா லொறியையும் சேர்த்து.

மல்லாவியிலிருந்து: வன்னியில் ஓட்டச் சுகமான றோட்டு எது?

ஏ9 இல்லை. நேர்கோடு, வேகக் கமரா, நித்திரை. முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்குகிற இடம் மட்டும்தான் அதில் சுவாரசியம். எனக்குப் பிடித்தது மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு போகிற ஏ34, காடும் குளக்கட்டும் மாறி மாறி வரும். அடுத்தது மன்னாரிலிருந்து பூநகரி ஊடாகச் சங்குப்பிட்டிப் பாலம் போகிற ஏ32, வளைவு குறைவு, ஆனால் பக்கக்காற்று காரைத் தள்ளும்போது ஸ்டேரிங் பேசும். ஊருக்கு வெளியே காருக்குச் சட்டப்படி 70தான், அதற்குள்ளேயே சுகம் காண்கிற கார் வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரவில் வேண்டாம், படுத்திருக்கிற கறுப்பு மாட்டை லைட் காட்டாது, நெடுங்கேணிப் பக்கம் யானையும் உண்டு.

நெடுங்கேணியிலிருந்து, ஐயா ஒருவர்: மகன் லான்சருக்குப் பெரிய சைலென்சர் பூட்டியிருக்கிறான். வேகம் கூடும் என்கிறான். கூடுமா?

சத்தம் கூடும் ஐயா. அந்த எஞ்சினுக்கு அளவில்லாத பெரிய குழாய் பூட்டினால் கீழ்ச்சுற்றில் இழுவை கொஞ்சம் குறையவும் பார்க்கும், பொலிஸ் தண்டம் வேறு. அந்தக் காசுக்கு நாலு நல்ல ரயர் வந்திருக்கும். பழைய சைலென்சரை இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டானா என்று முதலில் கேளுங்கோ. இருந்தால் காரோடு அனுப்புங்கள், அரை மணித்தியால வேலை.