இருமுடியில் எதெல்லாம் கட்டாயம் வைக்க வேண்டும்?

கன்னிசாமியாக முதல்முறை சபரிமலைக்குப் போகிறீர்கள். பூஜைக் கடையில் கொடுத்த இருமுடி (தலையில் சுமந்து செல்லும், முன்முடி பின்முடி என இரு பகுதி கொண்ட கட்டு) செட்டில் உள்ள இத்தனை பொட்டலங்களும் அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியமில்லை சாமி. இருமுடிக்கு உயிர் நெய்த் தேங்காய்தான். அதைச் சரியாக நிறைத்து ஐயப்பனிடம் சேர்த்துவிட்டால் முக்கால்வாசி கடமை முடிந்தது.

தேங்காயை நீங்களே பார்த்து வாங்குங்கள். நன்றாக முற்றியதாக, ஓட்டில் மயிரிழை விரிசல்கூட இல்லாததாக இருக்க வேண்டும். விரிசல் இருந்தால் பயணச் சூட்டில் நெய் உருகிக் கசிந்து பை முழுவதும் ஊறிவிடும். நாரை வழித்து, ஓட்டை வழவழப்பாகத் தேய்த்து, மென்மையான கண்ணைத் துளைத்து உள்ளிருக்கும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். உள்ளே ஈரம் போகும்வரை காயவிட வேண்டும். அதன்பிறகு உருக்கிய பசு நெய்யைச் சரணம் சொல்லிக்கொண்டே சிறிது சிறிதாக ஊற்றி, தக்கையால் அடைப்பார்கள். நான் எப்போதும் நெகிழ்ந்து நிற்கும் நேரம் இதுதான். தேங்காய் உடல், நெய் ஆன்மா என்று பெரியவர்கள் சொல்வார்கள். மலையில் தேங்காயை உடைத்து நெய்யை அபிஷேகத்துக்குக் கொடுத்தபிறகு, ஒரு மூடியை ஆழி எனும் குண்டத்தில் எரியும் நெருப்பில் போடுவதும் அந்தப் பொருளில்தான்.

முன்முடி முழுக்கச் சாமிக்கு. நெய்த் தேங்காயோடு பச்சரிசி, வெற்றிலை பாக்கில் வைத்த காணிக்கைக் காசு, சன்னிதானத்துக்கு அருகில் கோயில் கொண்ட மாளிகைப்புறத்தம்மனுக்கு மஞ்சள் பொடி, குங்குமம், ரவிக்கைத் துணி, ஐயப்பனின் இஸ்லாமியத் தோழரான வாவர் சாமிக்கு மிளகு ஆகியவை போதும். பதினெட்டாம் படி ஏறும் முன் உடைக்க ஒரு தேங்காய். மாளிகைப்புறத்தில் தேங்காய் உருட்டுவது பலரின் வழக்கமாக இருந்தது; அது சடங்கல்ல என்று 2024-இல் தெளிவுபடுத்திவிட்டார்கள்.  பின்முடி நமக்கு. காட்டு வழியில் நாள்கணக்கில் நடந்த காலத்தில் அரிசியும் பருப்பும் அதில்தான் போயின. இப்போது பெயருக்குக் கொஞ்சம் வைத்தால் போதும். ஆனால் கட்டு நிறைக்கும்போது வீட்டார் மூன்று கைப்பிடி அரிசி போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மலைக்கு வர முடியாத அம்மாவின் கை அரிசியும் நம் தலையில் ஏறி வருகிறது.

தவிர்க்க வேண்டியவை என்றால் கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர். கடை செட்டுகளில் பெரும்பாலும் இவைதான் நிறைந்திருக்கும். சன்னிதானத்தில் இவற்றுக்குப் பயன் இல்லை, குப்பையாகக் குவிகின்றன. கோயிலின் தலைமைப் பூசகரான தந்திரியே இவற்றை இருமுடியில் வைக்க வேண்டாம் என்று 2024 மண்டல காலத்தில் கேட்டுக்கொண்டார். பிளாஸ்டிக் பொட்டலங்களைப் பிரித்து எல்லாவற்றையும் காகிதத்திலோ சிறு துணி முடிச்சிலோ கட்டுங்கள். அந்தக் காட்டில் யானைகள் வாழ்கின்றன. நாம் போட்டுவிட்டு வரும் பையை அவை தின்னும் என்பதை நினைத்தால் கை தானாக நின்றுவிடும். பம்பை ஆற்றில் உடுத்திய துணியை விடுவதும் அப்படித்தான். அது சடங்கே அல்ல. யாராவது சொன்னாலும் செய்யாதீர்கள்.

உங்களுக்குக் கட்டு நிறைத்து வழிநடத்தும் குருசாமியின் வழக்கம் ஊருக்கு ஊர் சற்று மாறலாம். அவர் கூடுதலாக ஏதாவது வைக்கச் சொன்னால் மறுக்காமல் வையுங்கள். இருமுடி இல்லாதவர்களுக்குப் பதினெட்டாம் படி ஏற அனுமதி இல்லை, அவர்கள் வடக்கு வாசல் வழியாகப் போக வேண்டும். ஆகவே படியேறி முடியும்வரை கட்டு உங்கள் தலையிலேயே இருக்கட்டும். நெய்யபிஷேகம் அதிகாலையில் தொடங்கி நண்பகலோடு முடிந்துவிடும். மாலையில் மலையேறினால் இரவு தங்கி மறுநாள் காலையில்தான் நெய்யைக் கொடுக்க முடியும். டிக்கெட் போடும் முன்பே குருசாமியிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவாமியே சரணம் ஐயப்பா.